கழுவேலியும் கொசுவும்

கருவடிக்குப்பத்திலிருந்து வடக்கே மரக்காணம் போகிற வழியில், சாலைக்கு மேற்கே கண்ணுக்கெட்டிய மட்டும் சேறும் தண்ணீருமாய்க் கிடக்கிறது கழுவேலி. "இவ்வளவு நிலமும் பாழாய்க் கிடந்து கொசுவை வளர்ப்பானேன், தூர்த்து மனையாக்கினாலென்ன?" என்று படித்தவர்கள்கூடச் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

தோழர்களே, இந்தப் பேச்சு பழைய பேச்சு. இத்தாலியில் ரோமாபுரிக்குத் தென்கிழக்கே கடலோரமாய் பொன்டைன் சதுப்பு என்று ஒன்றிருந்தது. அங்கே ஜனங்கள் காய்ச்சலில் மடிந்ததற்குக் கெட்ட காற்றே காரணமென்று நம்பினார்கள். மலேரியா என்கிற இத்தாலிய வார்த்தைக்கு அர்த்தமே கெட்ட காற்றுதான். போப்பாண்டவர்கள் சிலர் அதை வடிக்கப் பார்த்தும் முடியவில்லை. பிரார்த்தனைக்கும் குறைவில்லை, காய்ச்சலுக்கும் குறைவில்லை! 1897-ல் நம் நாட்டுச் சிக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்பவர் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். மறு ஆண்டே கிராஸி முதலிய இத்தாலியர், மனிதனுக்கு அதைக் கொண்டுவருவது அனாபிலிஸ் கொசு என்று காட்டிவிட்டார்கள். 1930-களில் முசோலினி அரசாங்கம் கால்வாய் வெட்டிச் சதுப்பை வடித்து ஊர்களை உண்டாக்கிற்று. 1943-ல் ஜெர்மன் சேனை மறுபடி நீரைத் தேக்கவே, காய்ச்சலும் திரும்பிவந்தது.

அப்படியானால் கழுவேலியையும் வடிப்பதுதானே என்பீர்கள். எந்தக் கொசு எங்கே பிறக்கிறது என்று பார்த்தபிறகல்லவா அதைச் சொல்லவேண்டும்? நமது புதுச்சேரியில் யானைக்கால் வந்தவனைப் பார்த்து முன்ஜென்ம வினை என்றவர்கள் உண்டு. அந்நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு பிறப்பதோ நம் தெருச் சாக்கடையிலும் மலக்குழியிலும்! 1975-ல் இவ்வூரிலேயே ஏற்பட்ட கொசு ஆராய்ச்சி நிலையத்தார், 1981 முதல் 1985 வரை அவ்விடங்களைக் கவனித்தே அக்கொசுவைக் குறைத்துக்காட்டினார்கள். பட்டணத்து மலேரியாக் கொசுவோ கிணற்றிலும் மேல்தொட்டியிலும் பிறப்பது. தூர்க்கச் சொல்லும் கனவான்கள் தங்கள் வீட்டுத் தொட்டிக்கு மூடியிருக்கிறதா என்று ஏறிப்பார்த்தார்களா?

கழுவேலியோ சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீரை வாங்கிக்கொண்டு, கழி வழியாய்க் கடலோடும் சேர்ந்து, நன்னீரும் உப்புநீரும் கலந்து கிடப்பது. வெள்ளத்துக்கு இடங்கொடுப்பதும், வலசைவரும் பறவைகளுக்கு இரை கொடுப்பதும் அதுதான். சென்னைக்காரர் பள்ளிக்கரணையைத் தூர்த்துக் கட்டடமாக்கினார்கள். 2015-ல் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது வருணனை ஏசினார்கள். நல்லவேளையாகத் தமிழ்நாடு அரசாங்கம் 2021-ல் கழுவேலியைப் பறவைச் சரணாலயமாக்கிற்று. 2024-ல் ராம்சார் பட்டியலிலும் அது சேர்ந்தது.

ஆனால் அதே சேற்றில் இறங்கி மீனும் இறாலும் பிடித்துப் பிழைக்கிற இருளர்களிடம் போய், இது பாழ்நிலமா என்று யாராவது கேட்டதுண்டா?