துப்பாக்கிக் குழலுக்கு கார்பன் சட்டை தேவையா?

எங்கள் வகுப்பில் ஒரு வியாதி இருக்கிறது நண்பர்களே. எந்தப் பொருளைக் காட்டினாலும் "கார்பன் ஃபைபரில் செய்தால் சூப்பராக இருக்கும்" என்று ஒருத்தன் சொல்வான், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். போன வாரம் அது துப்பாக்கிக் குழலில் வந்து நின்றது. அங்கே வாய்ச்சண்டையில் ஜெயிக்க முடியாததால் இங்கே எழுதுகிறேன் :)

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம். சாதாரண எஃகுக் குழலை லேத்தில் கொடுத்து மெலிசாகக் கடைகிறார்கள். அதன்மேல் எபாக்சி பிசினில் நனைத்த கார்பன் இழையை வரிந்து சுற்றி, சூட்டில் இறுக வைக்கிறார்கள். குண்டு ஓடுகிற உள்பகுதி அதே எஃகுதான். வெளியே மட்டும்தான் சட்டை. எஃகின் அடர்த்தி 7.8, இந்தக் கலவையின் அடர்த்தி 1.6 அளவில். அதனால் கனமான குழல் ஒன்றில் ஒரு கிலோ வரைகூட குறையலாம். பருமன் குறையாததால் விறைப்பும் பெரிதாகக் குறையாது. இது நிஜமான லாபம், மறுக்கவில்லை.

சுற்றுகிற யோசனை புதிதா என்றால் அதுவும் இல்லை. தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் இருக்கும் பெரிய பீரங்கியைப் பார்த்திருப்பீர்கள். ரகுநாத நாயக்கர் காலத்தது, 17ஆம் நூற்றாண்டு. நீளவாக்கில் இரும்புப் பட்டைகளை அடுக்கி, அதன்மேல் இரும்பு வளையங்களை வரிசையாக ஏற்றி, சூட்டில் அடித்து இணைத்தது. கிட்டத்தட்ட 25 அடி நீளம். அதே நூற்றாண்டில் ஸ்வீடன்காரர்கள் எடையைக் குறைக்க மெல்லிய செம்புக் குழாயில் கயிறும் தோலும் சுற்றி பீரங்கி செய்தார்கள். தூக்க லேசு. ஆனால் சில குண்டுகளிலேயே சூடேறி வம்பானதால் சீக்கிரமே கைவிட்டார்கள்.

அந்தச் சூடுதான் என் முக்கியமான ஆட்சேபம். "கார்பன் சூட்டை வெளியே கடத்திவிடும்" என்று விளம்பரம் சொல்கிறது. இழையின் போக்கில் ஓரளவு கடத்தும், சரி. ஆனால் சூடு உள்ளிருந்து வெளியே வர இழைக்குக் குறுக்கே, பிசினைத் தாண்டி வரவேண்டும். பிசின் சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி. வெளியே தொட்டால் ஜில்லென்று இருக்கிறது என்று மகிழாதீர்கள், உள்ளே எஃகு வெந்துகொண்டிருக்கும். சூட்டை வாங்கிக்கொள்ள எஃகும் குறைவாகத்தான் மிச்சம் இருக்கிறது.

இன்னொன்று. எங்கள் உத்திரமேரூர் பக்கம் மாட்டுவண்டி சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். வறட்டி மூட்டத்தில் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, சக்கரத்தில் மாட்டி தண்ணீர் ஊற்றினால் சுருங்கி 'கப்'பென்று பிடித்துக்கொள்ளும். கார்பன் குழலில் கதை தலைகீழ். சூட்டில் இறுகி ஆறும்போது உள்ளே இருக்கும் எஃகு சுருங்கும், கார்பன் இழை சுருங்கவே சுருங்காது. அதாவது உள்ளிருப்பது சட்டையை விட்டு விலகப் பார்க்கும். பிசின்தான் பிடித்து வைக்க வேண்டும். நல்ல தயாரிப்பாளர்கள் இதைச் சமாளிக்கிறார்கள், அதற்குத்தான் இரண்டு மடங்குக்கு மேல் விலை.

எடை குறைந்தால் உதையும் கூடும். 10 கிராம் குண்டு நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். வெடிவாயுவை விட்டுவிட்டால், 4 கிலோ துப்பாக்கி தோளில் 8 ஜூல் ஆற்றலோடு இடிக்கும். அதையே 3 கிலோ ஆக்கினால் 10.7 ஜூல். தோளுக்குத் தெரியும் வித்தியாசம்.

சரி, நம் நாட்டில் யாருக்கு இது வேண்டும்? பந்தய வீரர்களுக்கு? 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் 5.5 கிலோ வரை அனுமதி. ஆடாமல் நிற்க அவர்கள் குழலில் கூடுதல் எடையே மாட்டுகிறார்கள்! திருச்சி படைக்கலத் தொழிற்சாலையில் செய்யும் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு? தொடர்ச்சியாகச் சுட்டால் பிசின் இளகிவிடும். மலை ஏறி வேட்டையாடுபவனுக்குத்தான் இது உண்மையில் பொருந்தும். வெளிநாட்டில் வாங்குவதும் பெரும்பாலும் அவர்கள்தான். இங்கே 1972 சட்டத்துக்குப் பிறகு அந்த ஆளே கிடையாது. (பக்கத்து வேடந்தாங்கல்காரர்கள் அதற்கும் முன்னோடி. ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டு 1798லேயே உத்தரவு வாங்கியவர்கள்.)

மிஞ்சுவது ஒரே ஒருவர். பனிமலையில் மூச்சு வாங்க ஏறி, நாள் முழுக்கக் காத்திருந்து ஒன்றிரண்டு குண்டு மட்டும் சுடும் ராணுவ ஸ்னைப்பர். அவர் முதுகிலிருந்து ஒரு கிலோ இறங்கினால் நான் எதிர்க்க மாட்டேன். குழல் சூடேறும் அளவுக்கு அவர் சுடப்போவதும் இல்லை.

ஆனால் எடை குறைப்பதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது கலாம் சொன்ன காலிப்பர்தான். ஏவுகணைக்காக உருவாக்கிய லேசான கலவைப்பொருளை வைத்து, போலியோ பாதித்த குழந்தைகளின் 3 கிலோ காலிப்பரை 300 கிராம் ஆக்கினார்களாம். வகுப்பில் அடுத்து எவனாவது கார்பன் என்று ஆரம்பித்தால், யார் தூக்கப்போகிறார்கள் என்றுதான் முதலில் கேட்கப்போகிறேன். துப்பாக்கி கட்சிக்காரர்கள் பின்னூட்டத்தில் வந்து திட்டலாம், காத்திருக்கிறேன்.