அப்பாவின் குடையும் என் வண்டி டிக்கியும்

பதிவு எழுதி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு மக்களே. எங்க போனேன்னு யாரும் கேக்கலை, இருந்தாலும் நானே சொல்லிடறேன். டயட்ல இருந்தேன். காலையில கண் முழிச்சா ஜாங்கிரி, ராத்திரி கண்ணை மூடினா பாதுஷா. இந்த லட்சணத்துல பதிவு எங்கேர்ந்து எழுதறது?

கதையை முதல்லேர்ந்து சொல்றேன். ஆபீஸ்ல வருஷா வருஷம் உடம்பைப் பரிசோதனை பண்ணுவாங்க. இந்தத் தடவை ரிப்போர்ட்டுல ஹெச்பிஏ1சி 6.2ன்னு வந்துடுச்சு. கடைசி ரெண்டு மூணு மாசத்துல ரத்தத்துல சராசரியா எவ்வளவு சர்க்கரை இருந்ததுன்னு காட்டற கணக்கு அது. 5.7க்குக் கீழ இருந்தா பிரச்னை இல்லை. 6.5ஐத் தொட்டா நீரிழிவு. நடுவுல இருக்கறவன் வாசப்படியில நிக்கறான்னு அர்த்தம். 2023ல வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியாவுல சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கு, இன்னும் 13 கோடிப் பேருக்கு மேல என்னை மாதிரி வாசப்படியில நிக்கறாங்க. இவ்வளவு பெரிய கூட்டத்துல நாமளும் ஒருத்தன்தானேன்னு ஆறுதல்பட்டுக்க முடியலை. எங்க அப்பா அந்த வாசப்படியைத் தாண்டி உள்ள போனவர்.

டாக்டர் சொன்னது ரொம்ப சாதாரணமான விஷயம்தான். "இனிப்பைக் குறைங்க, சோத்தைக் குறைங்க, தினமும் நடங்க." அவர் 'குறைங்க'ன்னுதான் சொன்னார். வீட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள நான் அதைத் 'தொடவே கூடாது'ன்னு மாத்திக்கிட்டேன். நமக்குத்தான் எதையும் அளவாச் செய்யத் தெரியாதே! கூடத்துல நின்னுக்கிட்டு, "இன்னிலேர்ந்து இந்த வீட்டுல இனிப்பு கிடையாது"ன்னு அறிவிச்சேன். தங்கமணி நிமிர்ந்து பார்த்துட்டு, "சரி"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. அந்த 'சரி'க்கு என்ன அர்த்தம்னு கல்யாணமாகி இருபது வருஷம் ஆனவங்களுக்குத் தெரியும் :-)

ஒன்பது நாள் ராஜா மாதிரி இருந்தேன். பத்தாவது நாள் ஆபீஸ்ல ஒருத்தருக்குக் குழந்தை பிறந்துச்சுன்னு மைசூர்பாகு கொடுத்தாங்க. வேண்டாம்னு கையெடுத்துக் கும்பிட்டேன். எல்லாரும் என் மன உறுதியைப் பாராட்டினாங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போற வழியில வண்டி தானா ஒரு ஸ்வீட் கடை முன்னாடி நின்னுச்சு. கால் கிலோ வாங்கி டிக்கியில வச்சுட்டேன். எங்க அடுக்குமாடிக் கட்டடத்து பார்க்கிங்ல தூண் மறைவுல நின்னு, ரெண்டே நிமிஷத்துல நாலு துண்டு. அது நெய் மைசூர்பாகா, டால்டா மைசூர்பாகான்னு கேட்டா சொல்லத் தெரியாது. அவ்வளவு அவசரம். கர்ச்சீப்பால வாயைத் துடைச்சு, கொஞ்சம் சோம்பு போட்டு மென்னுட்டு மாடிக்குப் போனேன். "இன்னிக்கு எப்படி?"ன்னாங்க தங்கமணி. "ஒண்ணும் தொடலை"ன்னேன்.

அதுக்கப்புறம் வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை இது நடந்துச்சு. தின்ன மறுநாள் பிராயச்சித்தமா காலைச் சாப்பாட்டைத் தவிர்ப்பேன். நாலு மணிக்குக் கை நடுங்கற அளவுக்குப் பசிக்கும். ஆறு மணிக்கு வண்டி மறுபடியும் தானா நிக்கும். நான் டயட்ல இருந்த அந்தக் காலத்துல தின்ன இனிப்பு, டயட்டே இல்லாதப்ப தின்னதை விட அதிகம். கணக்குப் போட்டுப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்.

ஒரு மழை நாள்ல குட்டு வெளிப்பட்டுடுச்சு. ரெயின்கோட் எடுக்கறேன்னு தங்கமணி டிக்கியைத் திறந்தாங்க. உள்ள பாதி காலியான அட்டைப் பெட்டி. திட்டுவாங்கன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். ஒண்ணும் சொல்லலை. பக்கத்துல நின்ன என் பொண்ணுதான் சிரிச்சுக்கிட்டே கேட்டா, "தாத்தாவுக்குக் குடை, உங்களுக்கு வண்டி டிக்கியாப்பா?"

அவ விளையாட்டாத்தான் சொன்னா. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை.

அந்தக் குடைக் கதை இதுதான். எங்க ஊர் கோவில்பட்டி. 2020ல புவிசார் குறியீடெல்லாம் வாங்கின கடலைமிட்டாய் ஊர். அப்பாவுக்கு அம்பது வயசுல சர்க்கரை வந்துடுச்சு. அன்னிலேர்ந்து வீட்டுல எல்லாரும் போலீஸ் ஆயிட்டோம். அம்மா சர்க்கரை டப்பாவைப் பூட்டி வச்சாங்க. அக்கா ஊர்லேர்ந்து போன் பண்ணா முதல் கேள்வியே, "அப்பா இன்னிக்கு என்ன திருடித் தின்னாரு?" எல்லாரும் சிரிப்போம். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஒரு தடவை தீபாவளிக்குப் பேரப்பிள்ளைகளோட உட்கார்ந்திருந்தவர், "ஒரே ஒரு துண்டு கொடுய்யா, வாய்க்கு ருசியா இருக்கும்"னு என்கிட்ட கையை நீட்டினார். "இந்த வயசுல வெக்கமா இல்லையாப்பா?"ன்னு கேட்டுட்டேன். பிள்ளைகள் முன்னாடி. அவர் கையை இழுத்துக்கிட்டார். அதுக்கப்புறம் என்கிட்ட எதையுமே கேட்டதில்லை.

சாயங்காலம் ஆனா குடையை எடுத்துக்கிட்டு 'வாக்கிங்' கிளம்பிடுவார். வெயிலோ மழையோ குடை கூடவே போகும். அப்பா இவ்வளவு ஒழுங்கா நடக்கறாரேன்னு எங்களுக்கெல்லாம் பெருமை. 2016ல சிறுநீரகம் கெட்டுப்போய் இறந்துட்டார். காரியமெல்லாம் முடிஞ்சு அவர் சாமான்களை ஒதுங்க வைக்கறப்ப அந்தக் குடையை விரிச்சேன். உள்ளேர்ந்து கடலைமிட்டாய்க் காகிதமாக் கொட்டுச்சு. இருபதோ முப்பதோ இருக்கும். வீட்டுக் குப்பையில போட்டா மாட்டிக்குவோம்னு மடிச்சு மடிச்சு குடைக்குள்ள செருகி வச்சிருக்கார் மனுஷன். பிற்பாடு அதை ஒரு வேடிக்கைக் கதையா பிள்ளைகளுக்குச் சொன்னோம். இப்ப யோசிச்சா அதுல வேடிக்கை எதுவும் இல்லை. எழுபது வயசு மனுஷன், சொந்தப் பிள்ளைகளுக்குப் பயந்து தெருவுல நின்னு தின்னிருக்கார். அவர் எவ்வளவு சாப்பிடறார்னு எங்களுக்கும் தெரியலை, அவரோட டாக்டருக்கும் தெரியலை. மாத்திரை கொடுத்தும் சர்க்கரை ஏன் இறங்கலைன்னு அந்த டாக்டர் மண்டையைப் பிச்சுக்கிட்டார்.

அதனால இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது இவ்வளவுதான்: 'தொடவே மாட்டேன்'ங்கற சபதமும், தொட்டவனைக் கேவலப்படுத்தறதும் இனிப்பை நிறுத்தாது. அதை ஒளிவிடத்துக்கு அனுப்பும், அவ்வளவுதான். அங்க அளவும் கிடையாது, ருசியும் கிடையாது.

இது என் சொந்தக் கற்பனை இல்லீங்க. 1944-45ல அமெரிக்காவுல மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்செல் கீஸ் ஒரு பரிசோதனை நடத்தினார். ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாசம் அரைப்பட்டினி போட்டார். தானா முன்வந்த, கொள்கைப் பிடிப்புள்ள ஆட்கள். அவங்களே சாப்பாட்டைத் தவிர வேற நினைப்பு இல்லாம ஆயிட்டாங்க. சில பேர் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பிச்சாங்க. சில பேர் திருட்டுத்தனமாத் தின்னாங்க. அதுக்கப்புறம் யாரும் தனியா வெளிய போகக் கூடாது, துணையோடதான் போகணும்னு விதியே போட வேண்டியதாப் போச்சு. என் டயட் அந்த அளவுக்குக் கடுமை இல்லைதான். ஆனா காலையில பட்டினி, சாயங்காலம் திருட்டுங்கற வட்டம் எங்கேர்ந்து வருதுன்னு எனக்கு அதுல புரிஞ்சது. மன உறுதி குறைச்சலா இருக்கறதுக்கு முன்னாடி வயிறு காலியா இருந்திருக்கு.

இன்னொரு விஷயமும் கண்ணுல பட்டுச்சு. நான் சண்டை போட்ட எதிரியே தப்பு. உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்ன கணக்கு என்னன்னா, நாம சேர்க்கற சர்க்கரை, தேன், ஜூஸ் எல்லாத்துலேர்ந்தும் வர்ற இனிப்பு ஒரு நாளைக்கு மொத்த கலோரியில 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும். அதாவது 2000 கலோரி சாப்பிடறவங்களுக்குச் சுமார் 50 கிராம். 25 கிராமுக்குள்ள இருந்தா இன்னும் நல்லது. நான் ஒரு நாளைக்கு அஞ்சு டீ குடிக்கற ஆசாமி. டீக்கு ரெண்டு ஸ்பூன். ஒரு ஸ்பூன் நாலு கிராம்னு வச்சாலே 40 கிராம் ஆச்சு. கூட ரெண்டு மாரி பிஸ்கட். 'அது லேசானது, ஒண்ணும் பண்ணாது'ன்னு நாம நம்பற அந்த பிஸ்கட்டுல 100 கிராமுக்கு 20 கிராம் சர்க்கரைன்னு பாக்கெட்டுலயே போட்டிருக்கான். மைசூர்பாகைப் பக்கத்துல விடாம விரட்டிக்கிட்டிருந்த நான், இந்தப் பக்கம் கோட்டாவுல பெரும்பகுதியை டீயிலயே கரைச்சுக் குடிச்சிருக்கேன். அந்த அஞ்சு டீயில ஒண்ணையாவது ரசிச்சுக் குடிச்சேனான்னா அதுவும் இல்லை.

அதே மாதிரிதான் இந்தக் கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை வியாபாரமும். கருப்பட்டி எனக்கு உசிரு, அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா அதுலயும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். 'இயற்கை'ன்னு சொல்லி ரெண்டு மடங்கு போட்டுக்கிட்டா ரத்தத்துக்கு இயற்கை செயற்கையெல்லாம் தெரியாது. சர்க்கரை இல்லாத இனிப்பூட்டிகளும் எடையைக் கட்டுப்படுத்தற வழி இல்லைன்னு 2023ல அதே நிறுவனம் சொல்லிடுச்சு.

சரி, அப்ப என்னதான் பண்றேன்? ருசிக்காத சர்க்கரையை விட்டுட்டேன், ருசிக்கற இனிப்பை வச்சுக்கிட்டேன். டீ ரெண்டாச்சு. ரெண்டு ஸ்பூன் ஒண்ணாகி, ஒண்ணு அரையாச்சு. முதல் வாரம் கஷாயம் மாதிரி இருந்துச்சு. மூணாவது வாரம் நாக்கு பழகிடுச்சு. இப்ப வெளிய கடையில டீ குடிச்சா பாயசம் மாதிரி இருக்கு. காலையில பட்டினி கிடையாது. மூணு இட்லி, சாம்பார், ஒரு முட்டை. நாலு மணிக்கு டிராயர்ல வறுத்த வேர்க்கடலை, இல்லாட்டி வீட்டுச் சுண்டல். ராத்திரி பதினொரு மணிக்கு மேல கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்றதில்லை. தூக்கம் குறைஞ்சா பசியைத் தூண்டற ஹார்மோன் கூடுமாம். ராத்திரி முழிச்சிருந்த மறுநாள்தான் என் வண்டி கடை முன்னாடி நின்னிருக்கு, யோசிச்சுப் பார்த்தா சரியாத்தான் இருக்கு. சாயங்காலம் அரை மணி நடை. குடை இல்லாம :-)

அப்புறம் ஞாயித்துக்கிழமை மதியம், சாப்பாடு முடிஞ்சதும், எல்லாரும் உட்கார்ந்திருக்கறப்ப ஒரு துண்டு இனிப்பு. தட்டுல வச்சு. ஒரு வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, ஒரு வாரம் அதிரசம். பத்து நிமிஷம் பேசிக்கிட்டே சாப்பிடறேன். பழைய நாள்ல விருந்துல இலையோரத்துல துளி பாயசம் வைப்பாங்களே, அது மாதிரி. அன்னிக்கு இனிப்பு விசேஷத்துக்கு வந்துச்சு, விசேஷம் முடிஞ்சதும் போச்சு. இன்னிக்கு வருஷம் பூரா நம்ம கூடவே குடித்தனம் நடத்துது.

மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்த்ததுல 5.9. எடை 84லேர்ந்து 80. பெரிய சாதனை இல்லைதான். நடுவுல ஒரு கல்யாண வீட்டுல மூணு குலாப்ஜாமூன் உள்ள போச்சு. அதை வீட்டுல வந்து சொன்னேன். "சரி, ராத்திரிக்கு மோர் போதும்ல?"ன்னாங்க தங்கமணி. அவ்வளவுதான், மறுநாள் காலையில வழக்கம்போல இட்லி. முன்னாடியா இருந்தா அந்த மூணு ஜாமூனுக்கு அப்புறம் 'டயட்தான் கெட்டுப்போச்சே'ன்னு ஒரு வாரம் வெளுத்துக் கட்டியிருப்பேன்.

வாசப்படியில நிக்கறவங்க பயந்துட வேண்டாம்னும் சொல்லணும். சென்னையில டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு என்னை மாதிரி நிலைமையில இருந்த 531 பேரை மூணு வருஷம் கவனிச்சு 2006ல வெளியிட்ட ஆய்வு இருக்கு. சாப்பாட்டை மாத்தி, தினமும் நடந்தவங்களுக்கு நீரிழிவு வர்ற வாய்ப்பு 28.5 சதவீதம் குறைஞ்சது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவங்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

கடைசியா, வீட்டுல சர்க்கரைக்காரங்களை வச்சிருக்கற போலீஸ்காரங்களுக்கு ஒரு வேண்டுகோள். அவங்களுக்கு எவ்வளவு இனிப்பு ஆகும், ஆகாதுங்கறதை டாக்டர் முடிவு பண்ணட்டும். மாத்திரையும் ஊசியும் போடறவங்க கணக்கு வேற, என் ஞாயித்துக்கிழமைத் துண்டு அவங்களுக்கான யோசனை இல்லை. ஆனா அவங்க கையை நீட்டினா 'வெக்கமா இல்லையா'ன்னு மட்டும் கேக்காதீங்க. "இன்னிக்கு என்னப்பா சாப்பிட்டீங்க?"ன்னு கேளுங்க. உண்மையைச் சொன்னா திட்டாதீங்க. உண்மை தெரிஞ்சாத்தான் டாக்டரால எதுவும் பண்ண முடியும்.

அப்பா கையை நீட்டின அன்னிக்கு ஒரு துண்டுல பாதியை உடைச்சுக் கொடுத்து, மீதியை நான் பக்கத்துல உட்கார்ந்து தின்னிருந்தா அவர் பிழைச்சிருப்பாரான்னு கேட்டா, தெரியலை. ஆனா அந்தக் குடைக்குள்ள அத்தனை காகிதம் இருந்திருக்காது.

பின்குறிப்பு: உங்க ஒளிவிடம் எதுன்னு தாராளமா எழுதுங்க. பீரோ, ஆபீஸ் டிராயர், அரிசி டப்பா எதுவானாலும் சரி. தங்கமணிகளும் ரங்கமணிகளும் படிப்பாங்கன்னு பயந்தா பேர் போடாம எழுதுங்க :-)