அப்பாயியின் சேலை என்ன நிறம்?

அப்பாயியின் படம் எங்கள் வீட்டில் இரண்டு உண்டு. ஒன்று, 1962இல் எடுத்த அசல். அகலம் இரண்டரை அங்குலம், குறுக்கே ஒரு மடிப்பு, ஓரத்தில் செல்லரித்த ஓட்டை. இன்னொன்று, அப்பாயி போனபின் அப்பா ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியது. அதில் இருக்கும் சிவந்த, சுருக்கமே இல்லாத அம்மாளை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அப்பாயி நல்ல கறுப்பு. நாற்பது வருடமாக யாரோ ஒருவருக்கு மாலை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அசலை ஸ்கேன் எடுத்து நானே சரிசெய்வது என்று உட்கார்ந்தேன். போட்டோஷாப்புக்கு மாதச் சந்தா கட்ட மனம் வரவில்லை. ஜிம்ப் இலவசம். 1995இல் பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள் தொடங்கியது. திறந்தால் பெட்டிக்கடையில் ஷாம்பு பாக்கெட் தொங்குகிற மாதிரி ஓரமெல்லாம் ஐகான்கள். கண்டதையும் அமுக்கி, அரை மணியில் அப்பாயியின் கன்னத்தைப் பெயிண்ட் அடித்த சுவராக்கி, அதே பெயரில் சேமித்து, மூடியும் விட்டேன். கண்ட்ரோல் இசட் அமுக்கினால் செய்ததெல்லாம் பின்னால் போகும்தான். ஆனால் கோப்பை மூடிவிட்டால் அந்த ஞாபகமும் போய்விடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுபடி ஸ்கேன் எடுக்கத் தெருமுனை ஸ்டூடியோவுக்குப் போனேன். அங்கிருந்த தம்பி படத்தைப் பார்த்ததும், “முன்னூறுல எடுத்திருப்பீங்க. இத்துனூண்டு படத்துக்கு ஆயிரத்து இருநூறு வைக்கணும் சார்” என்றார். கணக்கு எளிதுதான். இரண்டரை அங்குலத்தை, அங்குலத்துக்கு 1200 புள்ளி என்று எடுத்தால் 3000 புள்ளி. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 போதும் என்றால், பத்து அங்குலத்துக்குத் தாராளமாகப் பெரிதாக்கலாம். அப்புறம் ஒரு விஷயம் சொன்னார்: “அசல் லேயர்ல கை வைக்காதீங்க. டூப்ளிகேட் போட்டு அதுல என்ன வேணா பண்ணுங்க.” லேயர் என்பது படத்தின் மேல் வைக்கும் கண்ணாடித்தாள். தாளில் கிறுக்கலாம், பிடிக்காவிட்டால் உருவிப் போடலாம், அடியில் அப்பாயி பத்திரமாக இருப்பார். 1990இல் வந்த போட்டோஷாப்புக்கே இந்த வசதி 1994இல் மூன்றாம் பதிப்பில்தான் வந்ததாம். இடையில் அந்த நாலு வருடம் எப்படித்தான் வேலை பார்த்தார்களோ.

என்னை அசத்தியது லெவல்ஸ். கன்னங்கறுப்புக்கு 0, சுத்த வெள்ளைக்கு 255 என்று வைத்துக்கொண்டு, படத்தின் எந்த வெளிச்சத்தில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்று ஒரு குன்று மாதிரி வரைந்து காட்டுகிறது. என் படத்தில் குன்று 70இல் தொடங்கி 190இல் முடிந்துவிட்டது. இரு பக்கமும் வெறும் பொட்டல். படம் வெளுத்துவிட்டது என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தோமே, கறுப்பும் கறுப்பாக இல்லை, வெள்ளையும் வெள்ளையாக இல்லை என்பதுதான் விஷயம். அடியில் இரண்டு ஓரத்திலும் இருக்கும் முக்கோணங்களைக் குன்றின் இரு அடிவாரத்துக்கும் நகர்த்தினேன். அவ்வளவுதான். புகைக்குள்ளிருந்து எழுந்து வந்த மாதிரி அப்பாயியின் கண் தெரிந்தது. நேராக என்னைப் பார்க்கிறது. அன்றைக்கு மேற்கொண்டு வேலை ஓடவில்லை.

மடிப்பையும் தூசியையும் எடுக்க இரண்டு வழி. குளோன் பக்கத்து இடத்தை அப்படியே பெயர்த்து ஒட்டும். ஹீலிங் அந்த இடத்தின் இழையை மட்டும் எடுத்து, ஒட்டும் இடத்தின் நிறத்துக்குத் தக்கபடி கலந்துவிடும். தோலுக்கு ஹீலிங்தான் சரி. ருசி கண்டுவிட்டேன். வெள்ளைப் புள்ளியைக் கண்டால் விடுவதில்லை. இரண்டு நாள் துடைத்துத் துடைத்து முகத்தைப் பளிங்காக்கி அத்தைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அத்தைக்கு வயது எண்பத்து நாலு. உடனே போன்.

“எங்கம்மா மூக்குத்தி எங்கடா?”

ஒற்றைக்கல் மூக்குத்தி. தூசி என்று நினைத்து எடுத்திருக்கிறேன். நல்லவேளை, அடி லேயரில் இருந்தது.

முகத்தில் ஒரு பக்கம் இருட்டு. அதைக் கேட்கப் போனபோது தம்பி தன் போட்டோஷாப்பில் டாட்ஜ், பர்ன் என்று இரண்டைக் காட்டினார். ஒன்று வெளுக்க வைக்கும், ஒன்று கறுக்க வைக்கும். முதலாவதன் ஐகான் குச்சியில் செருகிய வட்டு, இரண்டாவது குவித்த கை. “ஏன் கை?” என்றேன். தம்பிக்குத் தெரியவில்லை. கல்லாவில் உட்கார்ந்திருந்த அவருடைய அப்பா எழுந்து வந்தார். இருட்டறையில் பிரிண்ட் போட்ட காலத்து மனிதர். கம்பியில் அட்டை வட்டைச் செருகி, என்லார்ஜர் வெளிச்சத்துக்குக் குறுக்கே ஆட்டுவாராம். நிழல் விழுந்த இடம் பிரிண்டில் வெளுப்பாக வரும். கறுக்க வேண்டிய இடத்துக்கு, இரண்டு கையையும் குவித்து நடுவில் ஓட்டை விட்டு, அதன் வழியாகக் கூடுதலாக வெளிச்சம் காட்டுவாராம். காற்றில் கையைக் குவித்துக் காட்டினார். மானிட்டரில் இருந்த படம் அதே கைதான். மகன் தலையைச் சாய்த்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

சுருக்கத்தை எப்படி எடுப்பீர்கள் என்று அவரிடமே கேட்டேன். நெகட்டிவ் மேல் கூர்மையான பென்சிலால் பொடிப் பொடியாகத் தடவினால் போதும், அந்த இடம் பிரிண்டில் வெளுத்துவிடும் என்றார். “கலர் கொஞ்சம் தூக்கிக் குடுங்கன்னுதான் கேப்பாங்க சார்.”

“இப்பவும் அதான் கேக்குறாங்க” என்றார் மகன்.

எங்கள் கூடத்து அம்மாள் எங்கிருந்து வந்தார் என்று புரிந்தது. ஸ்டூடியோக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, அப்பாவும் கேட்டிருப்பார்.

கலர் போட்டுப் பார்க்கலாமே என்று தம்பிக்கு ஆசை. ஒரே கிளிக்கில் மென்பொருளே போட்டுக் கொடுத்தது: நீலச் சேலை, பீச் பழத் தோல். அதைப் பக்கத்தில் வைத்துவிட்டு, சாம்பலிலிருந்தே நிறத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்று தேடினேன். கலர் டிவி வந்தபோது, பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளிலும் படம் தெரிவதற்காக ஒரு கணக்கு வகுத்தார்கள். சிவப்பில் சுமார் 30 சதவீதம், பச்சையில் 59, நீலத்தில் 11 எடுத்துக் கூட்ட வேண்டும். அந்தக் கணக்கில், 255 அளவுள்ள சுத்தச் சிவப்பும் 130 அளவுள்ள பச்சையும் ஒரே சாம்பலாக, 76 ஆக, வந்து நிற்கின்றன. திரும்பிப் போக வழி கிடையாது.

அத்தையிடம் கேட்டேன். “பச்சை. நான் கட்டிப் பாத்திருக்கேன்.” சித்தப்பாவிடம் கேட்டேன். “செவப்புடா. அவளுக்கு என்ன தெரியும்?” ஒரு வாரமாக இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

சேலையைச் சாம்பலாகவே விட்டிருக்கிறேன். முகம் முடிந்தது, மூக்குத்தி வந்துவிட்டது. முந்தானைக் கரையில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு மட்டும் பாக்கி. கீறலா, சரிகையா தெரியவில்லை. சண்டை ஓயட்டும், கேட்கலாம்.