சேத்ரிக்குப் பின் யார்? பெங்களூரு தள்ளிப்போடும் கேள்வி

2023 மார்ச் 18 அன்று கோவாவில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்து இறுதியாட்டத்தில், ஏ.டி.கே. மோகன் பகானிடம் பெனால்டி முறையில்தான் பெங்களூரு எஃப்.சி. தோற்றது. கோப்பைக்கு அவ்வளவு பக்கத்தில் நின்ற அணி, அடுத்த சீசனில் 12 அணிகளில் பத்தாவது இடத்துக்கு இறங்கியது. கிடைத்தது 22 புள்ளி. டிசம்பரிலேயே பயிற்சியாளர் சைமன் கிரேசன் நீக்கப்பட்டார்.

பயிற்சியாளர்மீது பழியைப் போடுவது எளிது. ஆனால், அணி உடைந்தது 2023 கோடையிலேயே. ராய் கிருஷ்ணா ஒடிஷாவுக்குப் போனார். சந்தேஷ் ஜிங்கனும் உதாந்தா சிங்கும் கோவாவுக்குப் போனார்கள். பிரபீர் தாஸ் கேரளா பிளாஸ்டர்ஸில் சேர்ந்தார். கிளப் விட்டுக்கொடுத்த ராய் கிருஷ்ணா அந்தச் சீசனில் ஒடிஷாவுக்காக 13 கோல் அடித்தார். போனவர்களின் இடத்தை நிரப்ப பெங்களூருவிடம் தயாராக ஆள் இல்லை என்பதைப் புள்ளிப் பட்டியல் சொன்னது.

ஓசூர் சாலை கார்மென்ட்ஸிலும் எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகங்களிலும் வேலை பார்ப்பவர்கள் வசிக்கும் பொம்மனஹள்ளியில் இந்த அணிக்கு ரசிகர்கள் உண்டு. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் ஓடத் தொடங்கியதிலிருந்து, ஓசூர் சாலை நெரிசலில் மாட்டாமல் அணி ஆடும் கண்டீரவா ஸ்டேடியத்துக்குப் போய்வர முடிகிறது. ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் ரசிகர்கள் கேட்பது, “இந்த வருஷம் யாரை எடுக்கிறாங்க?” என்பதுதான். நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: போகிறவரின் இடத்தில் நிற்கப்போவது யார்? அணித் திட்டமிடல் என்பது இந்தக் கேள்விக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் முன்பே பதில் வைத்திருப்பதுதான்.

கோப்பை வந்த வழி

பெங்களூரு எஃப்.சி.க்கு இது தெரியாத பாடம் அல்ல. 2013இல் தொடங்கிய இந்த கிளப், முதல் சீசனிலேயே ஐ-லீக் பட்டத்தை வென்றது. 2016இல் ஏ.எஃப்.சி. கோப்பை இறுதியாட்டத்துக்குப் போன முதல் இந்திய கிளப் ஆனது. 2017இல் ஐ.எஸ்.எல்.லுக்கு வந்தபோது முன்கள வீரர் சுனில் சேத்ரியையும் உதாந்தாவையும் கையில் வைத்துக்கொண்டது. அந்தச் சீசனில் பட்டியலில் முதலிடம். இறுதியாட்டத்தில் சொந்த மண்ணில் சென்னையின் எஃப்.சி.யிடம் 3-2 என்று தோற்றது.

தோல்விக்குப் பிறகு அணியைக் கலைக்கவில்லை. பயிற்சியாளர் ஆல்பர்ட் ரோகா விலகியபோது, அவரது உதவியாளராக இருந்த கார்லஸ் குவாட்ராட்டையே தலைமைப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். குர்பிரீத், ஹுவானன், பார்ட்டாலு, டிமாஸ், மிக்கு, சேத்ரி என்ற முதுகெலும்பு அப்படியே இருந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 2019 மார்ச் 17 அன்று, கூடுதல் நேரத்தில் ராகுல் பேக்கே தலையால் அடித்த கோல் கோப்பையைக் கொண்டுவந்தது.

அதே கோடையில் மிக்கு போனார். பதிலுக்கு வந்த மானுவல் ஒன்வு இங்கே சோபிக்கவில்லை. ஜனவரியில் கடன் முறையில் ஒடிஷாவுக்குப் போய், அங்கே 4 ஆட்டங்களில் 7 கோல் அடித்தார். ஒரு வீரரைத் தேர்ந்தெடுப்பது வேறு. அவர் தன் ஆட்டத்தை ஆட வழிசெய்வது வேறு. 2020-21 சீசனில் அணி ஏழாம் இடத்துக்குப் போனது. பாதியிலேயே குவாட்ராட்டும் வெளியேறினார். கோப்பையை வாங்கித் தந்த பேக்கே 2021இல் மும்பை சிட்டிக்குப் போய், 2024இல் அங்கும் கோப்பை தூக்கினார். அதன்பிறகுதான் அவரை பெங்களூரு திரும்ப அழைத்தது.

விதியும் வயதும்

ஐரோப்பாவில் ஓர் அணி நல்ல வீரரை விற்றால், அந்தப் பணத்தில் இன்னோர் அணியே கட்டலாம். 2018 ஜனவரியில் குட்டின்யோவை பார்சிலோனாவுக்கு விற்ற லிவர்பூல், வான் டைக், அலிசன் என்று தற்காப்பைப் பலப்படுத்தி அடுத்த ஆண்டே சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. இந்தியாவில் அந்த வசதி குறைவு. பெரும்பாலான வீரர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் கட்டணமில்லாமலே கிளப் மாறுகிறார்கள். ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதங்களில் வீரர் வேறு கிளப்போடு பேசி முடித்துவிடலாம் என்பது ஃபிஃபா விதி. எனவே, ஒப்பந்த நாட்காட்டியைக் கவனிக்காத கிளப், ஆளையும் இழக்கும், பணத்தையும் இழக்கும்.

அடுத்தது வெளிநாட்டவர் கணக்கு. 2021 முதல் ஓர் ஐ.எஸ்.எல். அணி அதிகபட்சம் 6 வெளிநாட்டவரைப் பதிவுசெய்யலாம். களத்தில் 4 பேர்தான் நிற்கலாம். அதாவது, 11 பேரில் குறைந்தது 7 பேர் இந்தியர்கள். ஆஸ்திரேலியாவில் பிறந்த பெங்களூரு வீரர் ரையன் வில்லியம்ஸ் 2025இல் இந்தியக் குடியுரிமை பெற்றதை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். நாட்டு அணிக்கு ஆட அவர் எடுத்த முடிவு, கிளப்புக்கு ஒரு வெளிநாட்டு இடத்தையே விடுவித்துத் தரக்கூடியது.

2024 கோடையில் பெங்களூரு நன்றாகவே வாங்கியது. நொகேரா, பெரேரா டியாஸ், எட்கர் மெண்டெஸ், பெட்ரோ கப்போ ஆகியோர் வந்தார்கள். பத்தாம் இடத்திலிருந்த அணி 38 புள்ளியுடன் மூன்றாம் இடத்துக்கு ஏறியது. பிளே-ஆஃபில் மும்பையை 5-0 என்று நொறுக்கியது. கொல்கத்தா இறுதியாட்டத்தில் முதல் கோலைப் பெற்று, கூடுதல் நேரத்தில் 2-1 என்று தோற்றது. ஆனால், அந்த நால்வரும் வரும்போதே முப்பதைத் தாண்டியவர்கள். அந்த ஆண்டுக்கு அது சரியான கொள்முதல். மூன்றாண்டுத் திட்டமாக அதைச் சொல்ல முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலே சுனில் சேத்ரி. அந்தச் சீசனில், 40 வயதில், 14 கோல் அடித்தார். இந்தியர்களில் அவர்தான் முதலிடம். ஓய்வு பெற்றவரை 2025 மார்ச்சில் நாட்டு அணியே திரும்ப அழைத்தது. அவருக்கு அது பெருமை. அவருக்குப் பின்னால் வரிசை இல்லாத நமக்கு அல்ல. 2026 ஆகஸ்டில் அவருக்கு 42 வயது நிறைகிறது.

அவரை பெஞ்சில் உட்கார வைக்கும் துணிச்சல் கிளப்புக்கு ஒருமுறை வந்தது. 2022-23இல் தடுமாறிக்கொண்டிருந்த அணி, சிவகங்கை மாவட்டத்துக் கண்டனூர்ப் பையன் சிவசக்தி நாராயணனை முன்களத்தில் இறக்கியது. அவர் 6 கோல் அடித்தார். சேத்ரி மாற்று வீரராக வந்தார். லீக் கட்டத்தின் முடிவில் பெங்களூரு தொடர்ந்து 8 ஆட்டங்களை வென்றது. இளைஞருக்கு இடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த கிளப்பின் சொந்த வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. அந்தத் துணிச்சலைக் கொள்கையாக மாற்றத்தான் மறந்துவிட்டார்கள்.

வேர் இங்கேதான்

2025 கோடை இன்னொரு பாடம் நடத்தியது. வணிக உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் ஜூலையில் ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. முதல் அணி வீரர்கள், பணியாளர்களின் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்தியது. லீக் எப்போது தொடங்கும் என்று தெரியாமல் எந்த கிளப்பும் திட்டமிட முடியாது. அதற்கான பொறுப்பு அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புடையது. 2026 பிப்ரவரி 14இல், 14 அணிகள், 91 ஆட்டங்கள் என்று சுருங்கிய வடிவில்தான் சீசன் வந்தது. ஆனால், அந்த ஆகஸ்ட் அறிவிப்பில் ஒரு வரி கவனத்துக்குரியது: இளையோர் அணிகளும் பயிற்சிப் பள்ளிகளும் பாதிக்கப்படாமல் தொடரும் என்றது கிளப். நெருக்கடியில் எதைக் கைவிடக் கூடாது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

அதற்கான மண்ணும் இங்கே உண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவின் கோலை அடித்த சாரங்கபாணி ராமனும், 1962 ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அருமைநாயகமும் பெங்களூருக்காரர்கள். கௌதம்புராவின், ஆஸ்டின் டவுனின் தமிழ் பேசும் தெருக்கள் தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரர்களைத் தந்தவை. 54 ஆண்டுகளுக்குப் பிறகு 2023இல் கர்நாடகம் சந்தோஷ் டிராபியை வென்றது. 2024-25 சீசனில் பெங்களூருவின் முதல் ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக வெற்றி கோலை அடித்தவர், கிளப்பின் இளையோர் அணியில் வளர்ந்த வினித் வெங்கடேஷ்.

ஆனால், நகரம் தெற்கே பொம்மனஹள்ளி, ஹொங்கசந்திரா என்று பெருத்த வேகத்தில் மைதானங்கள் பெருகவில்லை. மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டி ஆடும் டர்ஃப்தான் இங்கே பிள்ளைகளுக்குக் கிடைப்பது. காசில்லாத வீட்டுப் பையன் வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான்.

எனவே கிளப் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை மூன்று. ஒவ்வொரு இடத்துக்கும் இருபத்து மூன்று வயதுக்குட்பட்ட ஓர் இந்திய வீரரை அடையாளம் கண்டு, சீசனில் அவருக்கு இவ்வளவு நிமிடம் ஆட்டம் என்று உறுதி செய்யுங்கள். முக்கியமான இந்திய வீரர்களின் ஒப்பந்தத்தைக் கடைசி ஆண்டுக்கு முன்பே புதுப்பியுங்கள். ஓசூர் சாலைப் பக்கத்து மாநகராட்சிப் பள்ளிகளில் கட்டணமில்லாத் தேர்வு முகாம்களை ஆண்டுதோறும் நடத்துங்கள். புதிய வெளிநாட்டு வீரரின் சட்டை எண்ணை அறிவிப்பதைவிட, சேத்ரியின் இடத்துக்கு வரப்போகிற இந்தியரின் பெயரைச் சொல்வதே இந்த கிளப் இப்போது செய்ய வேண்டிய வேலை.