சேரிக்கும் ஒரு கல் நடு

மேல்சித்தாமூரின் வரலாறு என்னவென்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். தமிழ்ச் சமணர்களின் மடம், பார்சுவநாதர் கோயில், மலைநாதர் கோயில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்கள். அது வரலாறுதான், நான் மறுக்கவில்லை. செஞ்சி நாயக்கர் ஒருவர் தங்களை வேட்டையாடிய கதையை 1478 என்று ஆண்டோடு சொல்லிவருகிறார்கள் சமணர்கள். அடிபட்டவர் கதை நமக்கு அந்நியமல்ல. என் கேள்வி வேறு. ஊர் என்றால் அவ்வளவுதானா? சேரி எங்கே போச்சு?

செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதை அங்கே பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ‘ஐ’ என்ற எழுத்தின் பழைய வடிவம் கிடைத்த கல்வெட்டு என்று தமிழ் எம்.ஏ. வகுப்பில் அதைப் படித்தேன். தானே விரும்பிப் பட்டினி கிடந்தவரின் பெயர் ஆயிரம் வருசம் தாண்டி நிற்கிறது. அடுத்தவன் கழனியில் நாற்று நட்டு, கதிரறுத்து, அந்திக்குக் கூழில்லாமல் படுத்த நம்ம சனத்தின் பட்டினிக் கணக்கு எந்தக் குன்றில் இருக்கிறது? துறவி பட்டினி கிடந்தால் நோன்பு. பண்ணையாள் பட்டினி கிடந்தால் தலையெழுத்து. தலையெழுத்தை யாரும் கல்லில் வெட்டுவதில்லை.

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கும் சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டாண்டு வரை சிறை என்கிறது சட்டம். நல்லது. கல்லுக்கு இவ்வளவு காவல். அந்தக் கல்லை உடைத்தது யார், மலைமேல் சுமந்தது யார் என்று எந்தப் பலகையாவது நம்மிடம் சொன்னதுண்டா?

“ஒங்களுக்கு இன்னா ஆதாரம் இருக்குது? கல்வெட்டு இருக்குதா?” என்று கேட்கிறார்கள் படித்த பெரிய மனுசர்கள். இருக்கிறது அய்யா. தஞ்சைப் பெரிய கோயிலில் ராசராசன் வெட்டிய கல்வெட்டிலேயே இருக்கிறது. கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி இல்லாத இடங்களைக் கழித்துக் காட்டும்போது பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. சுடுகாட்டைக்கூடப் பிரித்து எழுதியிருக்கிறான். ஆக, நாம் கல்வெட்டில் இல்லாதவர்கள் அல்ல. கழிக்கப்பட வேண்டிய இடமாக எழுதப்பட்டவர்கள். கோபுரத்தின் உயரம் சொல்கிற வழிகாட்டி இந்த வரிக்கு வந்தால் ஏன் வாயை மூடிக்கொள்கிறான்?

விழுப்புரத்துக்கு வருவோம். 1978 ஜூலையில் அங்கே தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். அதே ஊரில், 1987 இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் உயிரிழந்த 21 பேருக்கு அரசு மணிமண்டபம் கட்டி 2025 ஜனவரியில் திறந்தது. அவர்களும் உழைக்கிற வீட்டுப் பிள்ளைகள்தான், அவர்களுக்குக் கட்டியதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 12 பேருக்கும் அதே ஊரில், அதே அரசு செலவில், பெயர் பொறித்த கல் வேண்டும். சாவுக்குமா ஊர், சேரி பார்ப்பது?

‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இழிவாகிப்போன சொல் ஒழியட்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள் தோழர்களே. பெயிண்ட் டப்பா இருந்தால் பலகையில் பேரை அழித்துவிடலாம். அந்தப் பேர் ஏன் வந்தது, ஊருக்கு வெளியே நம்மை ஒதுக்கி வைத்தது யார் என்பதும் சேர்ந்தே அழிந்துபோனால் லாபம் யாருக்கு? பேர் மாறிய தெருவில் இருக்கிற சுடுகாட்டுப் பாதை மாறுமா?

நமக்கு வேண்டியது அழிக்கிற வேலை மட்டுமல்ல, எழுதுகிற வேலையும்தான். 1892இல் பிரிட்டிஷ் அரசு ஒப்புக்கொண்டு நம்மவர்களுக்குக் கொடுத்த பஞ்சமி நிலம் உங்கள் ஊரில் எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது, இன்று யார் கையில் இருக்கிறது? தாலுகா ஆபீசில் கேளுங்கள். ஏரி வெட்டியவர், கூலி கேட்டு அடிபட்டவர், செருப்புப் போட்டு நடந்ததற்காக உதை வாங்கியவர் யார்? கிழவிகளைக் கேளுங்கள், அவர்களுக்குத் தேதி தெரியாது, பேர் தெரியும். மாணவர்கள் எழுதி எடுக்கட்டும். திண்டிவனம் வட்டத்திலிருந்தே தொடங்கலாம். அரசு நடாவிட்டால் நாமே நடுவோம். கல் உடைக்கத் தெரிந்த கைக்கு அதில் எழுதவும் தெரியும்.