கருத்தடை: யார் பொறுப்பு?

‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்னும் வாசகத்தை அறியாதவர் நம்மில் யார்? 1952ஆம் ஆண்டிலேயே குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கிய நாடு நம் நாடு. எத்தனை பிள்ளைகள் என்னும் கேள்விக்குத் தமிழகம் விடை கண்டுவிட்டது. யார், எம்முறையை மேற்கொள்வது என்னும் கேள்விக்கோ இன்னும் விடை காணவில்லை!

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு கூறுவதைக் கேளுங்கள். நாட்டில் மணமான பெண்கள் நூற்றுவரில் ஏறத்தாழ 38 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். தமிழ்நாட்டிலோ பாதிக்கும் மேல். கணவன் செய்துகொண்ட குடும்பம் நாடு முழுவதிலும் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை!

முன்பு இப்படி இருந்ததில்லை. 1971இல் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் அறுவை செய்துகொண்டார்கள். பின்னர் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், கட்டாயம் புகுந்தது. அச்சமும் கூடவே புகுந்தது. ஆண்கள் விலகினர். சுமை முழுவதும் பெண்ணின் தலையில் இறங்கியது.

உண்மையில் எளியது ஆணுக்கான அறுவையே. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து சில நிமிடங்களில் முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவர். ஆண்மை குன்றும் என்பது வெறும் கட்டுக்கதை. மூன்று மாதம் வேறு முறையைக் கையாண்டு, விந்துப் பரிசோதனையில் உறுதி செய்துகொண்டால் போதும்.

அறுவை ஒன்றுதான் வழியா? இல்லை. பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட விரும்பும் புதுமணத் தம்பதியருக்கு ஆணுறை உண்டு. பால்வினை நோயையும் தடுப்பது அது. முதற் குழந்தைக்குப் பின் இடைவெளி வேண்டுவோருக்குக் காப்பர்-டி உண்டு, வேண்டும்போது எடுத்துவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் அரசு மருத்துவமனைகளில் கிடைக்கிறது. அன்றாடம் உட்கொள்ளும் கலப்பு மாத்திரை பலருக்கு ஏற்றது. ஆனால் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குப் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஆகாது. ஆகவே, அடுத்த வீட்டாருக்கு ஒத்துக்கொண்டது நமக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எண்ணலாகாது.

ஆனால் நடப்பது என்ன? இரண்டாவது பிள்ளை பிறந்ததும் பிரசவ வார்டிலேயே பெரியவர்கள் கூடி முடிவு செய்கிறார்கள். பிரசவித்த களைப்பில் கிடப்பவளிடம் கையெழுத்து மட்டும் கேட்கப்படுகிறது. முடிவு என்பது இதுவா?

மாணவ நண்பர்களே! நாளை மணமேடை ஏறப்போகிறவர்கள் நாம். கணவனும் மனைவியும் சேர்ந்து மருத்துவரிடம் செல்வோம்; கேட்டறிந்து, இருவருமாகத் தேர்ந்தெடுப்போம். பிள்ளை இருவருக்கும் உரியதென்றால், பொறுப்பு மட்டும் ஒருத்திக்கே உரியதாகுமா? சிந்திப்போமாக!