கடலடிக் களஞ்சியமும் கனரகத் தொழில்களும்

சிமென்ட் ஆலையின் புகைபோக்கியிலிருந்து வெளிப்படும் கரியமில வாயு முழுவதும் நிலக்கரி எரிவதனால் உண்டாவதன்று. அதில் பாதிக்கு மேற்பட்ட பகுதி சுண்ணாம்புக்கல்லிலிருந்தே பிறக்கிறது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோ சூளையில் வெந்தால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். எஞ்சிய 44 கிலோ கரியமில வாயுவாகப் பிரிந்து செல்லும். சூளையைச் சூரிய சக்தியினால் சூடேற்றினாலும் இக்கணக்கு மாறாது. உருக்குத் தொழிலிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. ஊதுலையில் இடப்படும் கல்கரி வெப்பம் தருவதோடு நில்லாமல், தாதுவிலுள்ள பிராணவாயுவைக் கவர்ந்து இரும்பைப் பிரித்தெடுக்கும் பணியையும் செய்கிறது. மின்சார உற்பத்தியில் நிலக்கரிக்குப் பதிலாகக் காற்றையும் கதிரவனையும் பயன்படுத்தலாம். சிமென்ட்டுக்கு அத்தகைய எளிய மாற்று இன்னும் கைவரவில்லை.

சிமென்ட், உருக்கு ஆகிய இரண்டின் உற்பத்தியிலும் உலகில் இரண்டாம் இடம் வகிப்பது இந்தியா. 2070-ஆம் ஆண்டுக்குள் நிகர வெளியீட்டைச் சுழியாக்குவதாக 2021-இல் கிளாஸ்கோ மகாநாட்டில் நம் நாடு அறிவித்தது. வீடும் அணையும் பாலமும் கட்டியாக வேண்டிய நாடு அவ்வாக்கைக் காப்பாற்ற வேண்டுமாயின், இவ்விரு தொழில்களின் வாயுவைப் பிடித்து எங்கேனும் நிலையாக அடைத்து வைப்பதன்றி வேறு வழி அரிது.

பிடிக்கும் முறை புதியதன்று. தூத்துக்குடியில் சோடா உப்புத் தயாரிக்கும் ஆலையொன்று தன் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து மூலப்பொருளாகப் பயன்படுத்தும் ஏற்பாட்டை 2016-இல் செய்தது. ஜாம்ஷெட்பூரில் ஊதுலை வாயுவிலிருந்து நாள்தோறும் 5 டன் பிரிக்கும் சாதனம் 2021-இல் நிறுவப்பட்டது. ஆயின் சோடா உப்புக்கும் பிற பொருள்களுக்கும் தேவைப்படும் அளவு சிறிது. ஆலைகள் வெளியிடும் அளவோ மிகப் பெரிது. ஆகவே முதன்மையான கேள்வி, பிடித்த வாயுவை எங்கே வைப்பது என்பதே.

அதற்கேற்ற பாறைக்கு மூன்று தகுதிகள் வேண்டும். வாயு புகுவதற்கு நுண்துளைகள் வேண்டும். மேலெழாமல் தடுக்க அதன்மீது இறுகிய களிப்பாறை மூடியாக அமைய வேண்டும். ஆழம் ஏறத்தாழ 800 மீட்டருக்குக் குறையலாகாது. அவ்வாழத்தின் அழுத்தத்தில் வாயு திரவம் போல் அடர்ந்து, சிறிய இடத்தில் அடங்கும்.

ஹைதராபாத்தின் மேற்கே உள்ள கொண்டாப்பூரை எடுத்துக்கொண்டால், அதன் அடித்தளம் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழமையான கருங்கற் பாறையாகும். துளையற்ற இப்பாறை களஞ்சியத்திற்கு உதவாது. மேற்கே விகாராபாத் பக்கம் தக்காணத்தின் எரிமலைப் பாறைகள் தொடங்குகின்றன. இத்தகைய பாறையில் கரியமில வாயு கல்லாகவே மாறிவிடும் என்பதை ஐஸ்லாந்தில் செய்த சோதனை காட்டியுள்ளது. எனினும் அம்முறைக்கு நீர் மிகுதியாக வேண்டும். கிழக்கே கிருஷ்ணா, கோதாவரி கழிமுகங்களிலும் அவற்றை அடுத்த கடலடியிலும் பல ஆயிரம் மீட்டர் கனமுள்ள படிவுப் பாறைகள் உள்ளன. தெலுங்கானாவின் சிமென்ட் ஆலைகள் திரண்டுள்ள ஹுசூர்நகர்ப் பகுதியிலிருந்து மசூலிப்பட்டினக் கடற்கரை ஏறத்தாழ 150 கிலோமீட்டரே. விசாகப்பட்டினத்து உருக்காலையோ கடற்கரையிலேயே அமைந்துள்ளது.

கடலடியில் சேமிப்பது வெறுங்கற்பனையன்று. நார்வே நாடு வட கடலில் ஸ்லைப்னர் என்னுமிடத்தில் 1996 முதல், தொடக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டன் வீதம், மணற்பாறையில் செலுத்தி வந்தது. 2025-இல் அந்நாட்டின் பிரேவிக் சிமென்ட் ஆலையில் பிடித்த வாயு கப்பலேறி, கடற்றளத்திற்குக் கீழே 2,600 மீட்டர் ஆழத்தில் சேர்ந்தது.

அதே நார்வேயின் மற்றோர் அனுபவமும் கருதத்தக்கது. ஸ்னூவித் என்னுமிடத்தில் 2008-இல் தொடங்கிய பணியில், பாறையின் அழுத்தம் எதிர்பார்த்ததைவிட விரைவாக உயர்ந்தமையால், 2011-இல் வேறோர் அடுக்குக்கு மாற நேர்ந்தது. நன்கு ஆராய்ந்த இடத்திலேயே இவ்வாறாயின், ஆராயாத இடத்தை நம்பி ஆலையும் குழாயும் அமைப்பது நெற்குதிர் இல்லாமல் அறுவடைக்கு ஆள் கூட்டுவதை ஒக்கும்.

பிடிக்கும் செலவு குறையட்டும், பின்னர் இடம் தேடலாம் என்று சிலர் கூறுவர். இவ்வரிசை தலைகீழானது. களஞ்சியத்தின் இடமும் கொள்ளளவும் தெரியாமல் குழாயின் பாதையையோ பருமனையோ முடிவு செய்ய இயலாது. செலவைக் கணக்கிடவும் முடியாது. கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் எண்ணெயும் எரிவாயுவும் தேடி எடுத்த அளவீடுகள் ஏராளமாக உள. ஆயின் தேடியவர்கள் எண்ணெயைத் தேடினரேயன்றி, உப்புநீர் நிறைந்த மணற்பாறையின் கொள்ளளவை அளப்பது அவர்தம் நோக்கமன்று. அவ்வளவீடுகளை இப்புதிய நோக்குடன் மீண்டும் ஆராய்ந்து, சோதனைக் கிணறு தோண்டி மெய்ப்பிப்பது அரசாங்கத்தின் முதற்கடமையாதல் வேண்டும். 1961-இல் ஹைதராபாத்தில் தோன்றிய தேசியப் புவிபௌதிக ஆராய்ச்சி நிலையம் போன்ற நிலையங்கள் இதற்குத் தகுதி வாய்ந்தவை.

இதனோடு மக்களின் நம்பிக்கையும் பெறப்பட வேண்டும். 1995-இல் பசர்லபூடி எண்ணெய்க் கிணறு வாரக்கணக்கில் எரிந்ததையும், 2014-இல் நகரம் என்னும் ஊரில் எரிவாயுக் குழாய் வெடித்து உயிர்ச்சேதம் விளைந்ததையும் கோதாவரிக் கழிமுகத்தார் மறந்திலர். கரியமில வாயு எரியாது. ஆயினும் காற்றைவிடக் கனமானதாகையால் பள்ளங்களில் தேங்கி மூச்சை அடைக்கும். அமெரிக்காவில் சட்டார்ஷியா என்ற சிற்றூரின் அருகே 2020-இல் இவ்வாயுக் குழாய் உடைந்தபோது நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தனர். குழாய் ஊர்களை விலகிச் செல்லுமா, மீன்பிடிக்கும் இடங்கள் பாதிக்கப்படுமா, கிணறு மூடிய பின் காவல் யாருடையது என்ற கேள்விகளுக்குப் பணி தொடங்குமுன் எழுத்தில் விடை தரப்பட வேண்டும். ஐரோப்பிய நாடுகளின் 2009-ஆம் ஆண்டு விதி, கிணறு மூடிய பின்னும் பொதுவாகக் குறைந்தது 20 ஆண்டுகள் நிறுவனத்தையே பொறுப்பாக்குகிறது. நம் நாட்டிலும் அத்தகைய விதி தேவை.

மேலும், கடலடிக் களஞ்சியம் நிலக்கரியை வரம்பின்றி எரிப்பதற்கு அனுமதிச் சீட்டாகிவிடலாகாது. மாற்று வழியுள்ள தொழில்கள் மாற்று வழியிற் செல்க. சுண்ணாம்புக்கல்லை வேகவைத்தே தீர வேண்டிய தொழிலுக்கே இவ்விடம் முதலில் உரியதாகுக.

சுண்ணாம்புத் தெளிநீரில் மூச்சை ஊதிப் பால் நிறமாக்கிக் காட்டும் ஆசிரியர், சூளையில் பிரிந்த வாயு மீண்டும் சுண்ணாம்போடு கூடுவதையே காட்டுகிறார். கடற்கரை ஊர்களில் பணியாற்றும் களப் பணியாளர், குழாய் வருமுன்னரே நன்மையையும் அபாயத்தையும் மறைவின்றி எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர். அவர்கள் உறுதியுடன் விடை கூற வேண்டுமாயின், கடலடிப் பாறையின் அளவும் இயல்பும் முதலில் அவர்கள் கைக்கு எட்ட வேண்டும். ஆகவே அளவைப் பணி தாமதமின்றித் தொடங்கப்பட வேண்டும்.